ஊர்கள் கூடித் தேர் இழுக்கட்டும்!

2023-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி தலைநகர் தில்லியில் யமுனை நதியின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978-இல் பதிவான 207.49 மீட்டர் என்கிற 45 ஆண்டுக்கால உச்சம் அதற்கு முந்தைய நாளே முறியடிக்கப்பட்டிருந்தது. செங்கோட்டையின் மதிலையொட்டி வெள்ளம் ஓடியது. வஜீராபாத், சந்திராவல், ஓக்லா ஆகிய மூன்று குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் மூடப்பட்டன. ஊரெங்கும் தண்ணீர், ஆனால் குழாயில் தண்ணீர் இல்லை என்கிற விசித்திரத்தை, நாடாளுமன்றத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் வாழும் மக்கள் அனுபவித்தார்கள்.

இது தில்லிக்கு மட்டுமே நேர்ந்த விதியல்ல. 2005 ஜூலை 26-இல் மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2006 ஆகஸ்டில் தாபி நதி சூரத் நகரின் பெரும் பகுதியை மூழ்கடித்தது. 2014 செப்டம்பரில் ஸ்ரீநகர், அடுத்த மாதமே ஹுட்ஹுட் புயலில் விசாகப்பட்டினம், 2015 டிசம்பரில் சென்னை, 2020 அக்டோபரில் ஹைதராபாத், 2022 செப்டம்பரில் பெங்களூரு, 2024 செப்டம்பரில் விஜயவாடா என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

ஒவ்வொரு முறையும் காட்சிகள் மாறுவதில்லை. தலைவர்கள் ஹெலிகாப்டரில் பறந்து பார்வையிடுகிறார்கள். மாநில அரசு கோரிக்கை மனு அனுப்புகிறது. மத்தியக் குழு வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறது. நாடாளுமன்றத்தில் கவன ஈர்ப்புத் தீர்மானம், அதன் மீது காரசாரமான விவாதம், அமைச்சரின் பதில் எல்லாம் முறைப்படி நடந்தேறுகின்றன. தண்ணீர் வடிந்ததும் அக்கறையும் வடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் நடுவில் யாருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. மூழ்கிப்போன நீரேற்று நிலையத்தின் மோட்டாருக்கும், பெயர்ந்துபோன சாலைக்கும், சுவர் இடிந்த மாநகராட்சிப் பள்ளிக்கும் யார் பணம் தருவது என்பதுதான் அது.

வெள்ளத்தில் மூழ்கிய காருக்குக் காப்பீடு இருக்கிறது. தொழிற்சாலையின் இயந்திரங்களுக்கும், வணிக வளாகத்தின் சரக்குகளுக்கும் காப்பீடு இருக்கிறது. ஆனால், லட்சக்கணக்கான மக்கள் அன்றாடம் நம்பியிருக்கும் நகராட்சியின் சொத்துகள் பெரும்பாலும் காப்பீடு இன்றியே நிற்கின்றன. மக்களின் வரிப்பணத்தில் எழுப்பப்பட்டவை, மக்களின் வரிப்பணத்திலேயே மீண்டும் எழுப்பப்பட வேண்டும். அந்தப் பணம் கைக்கு வரும் வரை தாழ்வான பகுதிகளில் வசிப்போர் கழிவுநீருக்கு நடுவே காத்திருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய நிலை.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 15-வது நிதிக் குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலப் பேரிடர் மேலாண்மை நிதியாக ரூ. 1,60,153 கோடியை வரையறுத்தது. பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் இந்த நிதிக்கு அளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால், அது உடனடி நிவாரணத்துக்கான நிதியே தவிர, இழந்ததை முழுமையாக மீட்டுத் தருவதற்கானதல்ல. இன்ன சேதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நிதி வந்து சேருவது மாநில அரசின் கருவூலத்துக்கு. வரிசையின் கடைசியில், கையில் மனுவோடு நிற்பது நகராட்சி.

மாநிலங்களின் பாடே திண்டாட்டம் என்பதை 2024-ஆம் ஆண்டு எடுத்துக்காட்டியது. வறட்சி நிவாரண நிதி கோரி கர்நாடகமும், மிக்ஜம் புயல் மற்றும் தென் மாவட்ட வெள்ள நிவாரண நிதி கோரி தமிழகமும் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. தேர்ந்தெடுக்கப்பட்ட மாநில அரசுகளே நிவாரணத்துக்காக நீதிமன்றப் படியேற வேண்டும் என்றால், ஒரு சாதாரண நகராட்சித் தலைவரின் குரல் எங்கே எடுபடப் போகிறது?

நகராட்சிகள் தங்கள் சொந்தப் பணத்தில் சமாளித்துக்கொள்ளலாமே என்பதும் நடக்காத காரியம். 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 12-வது அட்டவணையில் 18 பணிகள் உள்ளாட்சிகளுக்கென்று எழுதப்பட்டிருக்கின்றன. பணிகள் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. இந்திய நகராட்சிகளின் மொத்த வருவாய், நாட்டின் உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 1 விழுக்காட்டிலேயே பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேங்கி நிற்கிறது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட அறிக்கை சுட்டிக்காட்டியது. பிரேசிலில் அது 7.4 விழுக்காடு, தென்னாப்பிரிக்காவில் 6 விழுக்காடு. ஊழியர் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்குமே திணறும் நகராட்சி, என்றோ வரப்போகும் வெள்ளத்துக்காகக் கோடிகளை ஒதுக்கிவைக்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

தனித்தனியே முடியாதது கூடினால் முடியும். சீட்டுப் போட்டுச் சேமிக்கும் சிறு வணிகர்களுக்கும் குடும்பத் தலைவிகளுக்கும் தெரிந்த இந்த எளிய உண்மை, நகர நிர்வாகங்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

ஒரு எளிய கணக்கைப் பார்க்கலாம். 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை ரூ. 100 கோடி சேதம் ஏற்படக்கூடிய 100 நகரங்கள் இருப்பதாகக் கொள்வோம். தனித்து நிற்கும் ஒரு நகரம், அந்த ஓர் ஆண்டுக்காக ரூ. 100 கோடியை முடக்கி வைத்திருக்க வேண்டும். 100 நகரங்களும் கூடினால் நிலைமை வேறு. சராசரியாக ஓராண்டில் 5 நகரங்கள்தான் பாதிக்கப்படும். ஒன்றின் ஆபத்து மற்றொன்றைச் சாராததாக இருந்தால், ஒரே ஆண்டில் 10-க்கும் மேற்பட்ட நகரங்கள் பாதிக்கப்படுவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று என்ற அளவுக்குத்தான் இருக்கும். ஆக, பொதுத் தொகுப்பில் ரூ. 1,000 கோடி இருந்தால், அதாவது நகரத்துக்கு ரூ. 10 கோடி இருந்தால், ஏறக்குறைய எல்லா ஆண்டுகளையும் சமாளித்துவிடலாம். 100 கோடி சுமை 10 கோடியாகக் குறைகிறது. அதையும் மீறிய பேரழிவுக்கு மட்டும் மறுகாப்பீடு செய்துகொண்டால் போதும்.

இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. எல்லா நகரங்களும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படக் கூடாது. 2015-இல் சென்னையை மூழ்கடித்த அதே பருவமழைதான் கடலூரையும் காஞ்சிபுரத்தையும் வதைத்தது. ஒரு மாநிலத்துக்குள் மட்டும் கூட்டுச் சேர்ந்தால், எல்லோருடைய குடிசையும் ஒரே நாளில் ஒழுகும். யார் யாருக்கு ஓலை கொடுப்பது? குவாஹாட்டியின் பிரம்மபுத்திரா வெள்ளமும், புஜ் நகரின் நிலநடுக்கமும், புரியின் புயலும், பெங்களூரு ஏரிகளின் உடைப்பும் ஒரே நாளில் வருவதில்லை. நிலவியலால் இத்தனை வேறுபட்டிருக்கும் இந்தியாவின் பரப்பே இந்தத் தொகுப்புக்கு மிகப்பெரிய மூலதனம். அதனால்தான் இது தேசிய அளவில் அமைய வேண்டும் என்கிறோம்.

இது ஏதோ கற்பனைக் கோட்டையல்ல. கூட்டுச் சேர்ந்து கடன் வாங்குவதை நமது நகராட்சிகள் 20 ஆண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டியிருக்கின்றன. தனித்து நின்றால் மூலதனச் சந்தையின் வாசலைக்கூட மிதிக்க முடியாத தமிழகத்தின் பத்துக்கும் மேற்பட்ட சிறு, நடுத்தர உள்ளாட்சிகள், குடிநீர் மற்றும் துப்புரவுக் கூட்டு நிதியத்தின் மூலம் சுமார் ரூ. 30 கோடிக்குக் கடன் பத்திரங்களை வெளியிட்டன. அதைத் தொடர்ந்து பெங்களூருவைச் சுற்றியிருந்த எட்டு நகராட்சிகளுக்காகக் கர்நாடகம் ரூ. 100 கோடி திரட்டியது. 2006-இல் மத்திய அரசே கூட்டு நிதி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தது. கடனில் கூட்டாளியாக முடிகிற நகரங்கள், காப்பீட்டில் கூட்டாளியாக முடியாதா என்ன?

காப்பீட்டுத் துறைக்கும் கூட்டுத் தொகுப்பு புதிதல்ல. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உலக மறுகாப்பீட்டு நிறுவனங்கள் பயங்கரவாத ஆபத்தை ஏற்க மறுத்தபோது, 2002-இல் இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு தொகுப்பை ஏற்படுத்தின. அரசுத் துறை நிறுவனமான ஜி.ஐ.சி. அதை நிர்வகித்து வருகிறது. அணுமின் நிலைய விபத்துப் பொறுப்புக்காக 2015-இல் ரூ. 1,500 கோடியில் இன்னொரு தொகுப்பு உருவாயிற்று. அணு உலைக்கு ஒரு தொகுப்பு உண்டு, ஐந்து நட்சத்திர ஓட்டலின் பயங்கரவாத ஆபத்துக்கு ஒரு தொகுப்பு உண்டு, ஆண்டுதோறும் மூழ்கும் நகரங்களுக்கு மட்டும் இல்லை!

வெளிநாட்டு அனுபவங்களும் உள்ளன. அமெரிக்காவில் 1970-களிலும் 80-களிலும் காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தைத் தாறுமாறாக உயர்த்தியபோது, அங்கே நகரங்கள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து சொந்தத் தொகுப்புகளை அமைத்துக்கொண்டன. கரீபியத் தீவு நாடுகள் 2007-இல் உலகின் முதலாவது பன்னாட்டுப் பேரிடர்க் காப்பீட்டுத் தொகுப்பை ஏற்படுத்தின. பேரிடர் நிகழ்ந்த 14 நாள்களுக்குள் பணம் தருவது அதன் நடைமுறை. ஆசிய வளர்ச்சி வங்கியின் துணையோடு பிலிப்பின்ஸில் 10 நகரங்களைக் கொண்டு ஒரு நகரக் காப்பீட்டுத் தொகுப்பு வடிவமைக்கப்பட்டது. இந்தியாவுக்குள்ளேயே நாகாலாந்து மாநிலம், மழையளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் சேதக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் பணம் தரும் காப்பீட்டை 2021-இல் சோதித்துப் பார்த்தது. 2024-இல் மூன்றாண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. நாட்டின் மிகச் சிறிய மாநிலங்களுள் ஒன்று காட்டிய துணிவை, பெரிய மாநிலங்கள் கவனிக்க வேண்டும்.

அதற்காக, காப்பீடு என்றாலே சர்வரோக நிவாரணி என்று நம்பிவிடவும் கூடாது. 2010 நிலநடுக்கத்தில் நிலைகுலைந்த ஹைதிக்கு கரீபியத் தொகுப்பிலிருந்து கிடைத்தது சுமார் 77 லட்சம் டாலர். விரைவாகக் கிடைத்தது என்பது உண்மை. நேர்ந்த அழிவின் முன்னால் அது கடுகளவு என்பதும் உண்மை. காப்பீடு முதலுதவியே தவிர, முழுச் சிகிச்சை அல்ல.

நமது அனுபவமே கற்றுத்தரும் பாடங்களும் உண்டு. வணிக வாகனங்களின் மூன்றாம் நபர் காப்பீட்டுக்காக 2007 ஏப்ரலில் தொடங்கப்பட்ட தொகுப்பு, ஐந்தே ஆண்டுகளில், 2012 மார்ச்சில் கலைக்கப்பட்டது. நஷ்டம் எல்லோருக்கும் பொது என்றானபோது, வாகனத்தின் தரத்தைப் பார்த்துக் காப்பீடு வழங்கவும், இழப்பீட்டுக் கோரிக்கையைச் சரிபார்க்கவும் யாருக்கும் அக்கறை இல்லாமல் போயிற்று. ஏரியைத் தூர்த்து மனை போட்ட மாநகராட்சிக்கும், வடிகாலை ஒழுங்காகத் தூர்வாரிய மாநகராட்சிக்கும் ஒரே பிரீமியம் என்றால், நகரக் காப்பீட்டுத் தொகுப்புக்கும் அதே கதிதான் நேரும்.

பயிர்க் காப்பீடு மற்றொரு பாடம். 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து, பிரீமியச் சுமையையும் கிடைத்த இழப்பீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சில மாநிலங்கள் விலகின. காப்பீட்டு நிறுவனங்கள் கொழிக்கின்றன, விவசாயி காத்துக் கிடக்கிறான் என்கிற குற்றச்சாட்டு நாடாளுமன்றத்தில் பலமுறை ஒலித்திருக்கிறது. அதற்கு விடையாகத்தான் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் ஒரு புதிய முறை வகுக்கப்பட்டது. அங்கே இழப்பீடு பிரீமியத்தில் 110 விழுக்காட்டைத் தாண்டினால் மிகுதியை அரசு ஏற்கும். 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் மிச்சத்தை நிறுவனம் அரசிடம் திருப்பித் தர வேண்டும். நகரங்களின் தொகுப்பிலும் மிஞ்சும் பணம் நகரங்களுக்கே திரும்ப வேண்டும். தொகுப்பின் உரிமையாளர்கள் நகரங்களாகவே இருக்க வேண்டும். மக்கள் வரிப்பணத்தை நிறுவனங்களின் லாபக் கணக்குக்கு மாற்றும் இன்னொரு குழாயாக இது ஆகிவிடக் கூடாது.

பணக்கார மாநகராட்சி ஏன் ஏழை நகராட்சியோடு சேர வேண்டும் என்கிற கேள்வியும் எழும். மும்பை மாநகராட்சியின் 2025-26 நிதிநிலை அறிக்கை மட்டுமே ரூ. 74,427 கோடி. அதனால் தன் சேதத்தைத் தானே தாங்கிக்கொள்ள முடியும். ஆனால், பிரீமியம் அவரவர் ஆபத்துக்கும் சொத்து மதிப்புக்கும் ஏற்ப அமையும்போது, யாரும் யாருக்கும் தானம் செய்வதில்லை. மொத்தமாக மறுகாப்பீடு வாங்கும்போது கிடைக்கும் விலைக்குறைப்பு மும்பைக்கும் ஆதாயமே. உண்மையிலேயே பிரீமியம் கட்ட முடியாத சிறு நகராட்சிகளுக்குக் கைகொடுக்க வேண்டியது மத்திய, மாநில அரசுகள்தானே தவிர, பக்கத்து நகரம் அல்ல.

இதையெல்லாம் முன்னெடுப்பதற்கான வாய்ப்பு நாடாளுமன்றத்துக்கு அண்மையில் கிடைத்தது. பேரிடர் மேலாண்மைத் திருத்த மசோதா 2024 டிசம்பரில் மக்களவையிலும், 2025 மார்ச்சில் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 2025 ஏப்ரல் 9 முதல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. மாநிலத் தலைநகரங்களிலும் மாநகராட்சி உள்ள நகரங்களிலும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க அது வகை செய்கிறது. வரவேற்கத்தக்க முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால், தில்லியும் சண்டீகரும் இதற்கு விலக்கு. மாநகராட்சி அந்தஸ்து பெறாத நகராட்சிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆணையத்தின் தலைவர் மாநகராட்சி ஆணையர், துணைத் தலைவர் மாவட்ட ஆட்சியர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயருக்குத் தலைமை இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இந்த ஆணையங்களுக்கென்று தனி நிதி எதையும் சட்டம் வகுக்கவில்லை. வாள் கொடுத்தார்கள், கைப்பிடியை மறந்துவிட்டார்கள்!

இருந்தாலும், அதே சட்டத்தில் ஒரு நல்ல விதையும் இருக்கிறது. ஆபத்துகளின் வகை, கடுமை, செலவிடப்பட்ட நிதி ஆகியவற்றைப் பதிவு செய்யும் பேரிடர்த் தரவுத் தொகுப்பை உருவாக்க வேண்டும் என்கிறது அது. காப்பீட்டுக்கு அடிப்படையே இத்தகைய தரவுகள்தான். அதேபோல, உள்கட்டமைப்புகளைப் பாதுகாப்பதற்கும் மீட்பதற்குமான ஆபத்துத் தொகுப்பு, பெரும் பேரழிவுகளுக்குப் பன்னாட்டு மறுகாப்பீடு ஆகிய யோசனைகளை 15-வது நிதிக் குழுவே முன்வைத்திருந்தது. யோசனைக்குப் பஞ்சமில்லை, செயல்தான் இல்லை.

உடனடியாகச் செய்ய வேண்டியவை சில. முதலாவதாக, நகரங்களே உறுப்பினர்களாக இருக்கும் தேசிய நகரக் காப்பீட்டுத் தொகுப்பை மத்திய அரசு சட்டப்படி அமைக்க வேண்டும். தொடக்க மூலதனத்தை மத்திய அரசு தர வேண்டும். மறுகாப்பீட்டுப் பொறுப்பை ஜி.ஐ.சி. ஏற்கலாம். இரண்டாவதாக, ஒவ்வொரு நகராட்சியும் தன் சொத்துகளின் பதிவேட்டைத் திருத்தமாகத் தயாரிக்க வேண்டும். தன்னிடம் எத்தனை மோட்டார்கள், எத்தனை கட்டடங்கள், அவற்றின் மதிப்பு என்ன என்று தெரியாத நகராட்சி எதைக் காப்பீடு செய்ய முடியும்? மூன்றாவதாக, தூர்வாரிய கால்வாய், மீட்ட ஏரி, எச்சரிக்கை அமைப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பிரீமியத்தில் சலுகை தர வேண்டும். நீர்நிலை ஆக்கிரமிப்பை அனுமதிக்கும் நகரம் கூடுதலாகக் கட்டட்டும்.

நான்காவதாக, மானியங்கள் உரிய காலத்தில் நகராட்சிகளைச் சென்றடைய வேண்டும். பிரீமியம் முன்கூட்டியே செலுத்தப்படாமல் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் ஆபத்தை ஏற்கக் கூடாது என்பது 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு. ஜூன் மாதம் மழை தொடங்கும் நாட்டில், மானியம் மார்ச் மாதக் கடைசியில் வருமானால் காப்பீடு எப்போதும் வெள்ளத்துக்குப் பின்னால்தான் வரும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முதன்மையானது. இந்தத் தொகுப்பைக் காரணம் காட்டி மத்திய அரசோ மாநில அரசுகளோ நிவாரண நிதியில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கக் கூடாது. பேரிடரில் மக்களைக் காப்பது அரசின் கடமை. அதைப் பிரீமிய ரசீதாக மாற்றிவிட்டுக் கைகழுவ யாருக்கும் உரிமையில்லை. காப்பீடு கூடுதல் கவசமாக வேண்டுமே தவிர, மாற்றுக் கவசமாக அல்ல.

வெள்ளம் வடிந்த மறுநாள், இடுப்பளவுச் சேற்றில் இறங்கிச் சாக்கடையைத் திறந்துவிடும் துப்புரவுத் தொழிலாளியின் கையில் ஒரு நல்ல இயந்திரம் இருக்குமா, இருக்காதா என்பதை முடிவு செய்வது நகராட்சியின் கையிருப்புத்தான். மாநகராட்சிப் பள்ளி பத்து நாளில் திறக்குமா, பத்து மாதம் பூட்டிக் கிடக்குமா என்பதும் அதைப் பொறுத்ததே. அந்தக் கையிருப்பை ஒவ்வொரு நகரமும் தனித்துத் தேட வேண்டியதில்லை.

வடம் கனமானதுதான். ஆனால், ஊர் கூடினால் தேர் நகரும். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பாவது வடத்தைக் கையில் எடுக்கத் தில்லி முன்வர வேண்டும்!